முள்ளு சிவப்புக்கு வந்த பிறகு

எங்க பவுன்ராசு கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வேன் ஓட்டினது சின்னக்காளை. பெரியப்பன்கிற உரிமையில நான் மாப்பிள்ளை பக்கத்துல. முன்னாடி, டிரைவருக்குப் பக்கத்துல தாய்மாமன் மாயழகு. அவன் கண்ணு பூரா பெட்ரோல் முள்ளு மேல. முள்ளு சிவப்புல படுத்துக் கெடக்குது. முகூர்த்தமோ நெருங்கிக்கிட்டிருக்கு.

“அண்ணே, பங்க் வருது. போட்டுட்டுப் போயிருவோம்.”

“வெயில் ஏறினப்புறம் நான் போடுறதில்லை தம்பி. சூட்டுல பாதி ஆவியா நிக்கும். குளிர்ல போட்டாத்தான் கெட்டியா இறங்கும். ஒரு மார்கழியில கொடைக்கானல்ல போட்டேன். குழாயில இருந்து கட்டி கட்டியா விழுது. துண்டுல முடிஞ்சு வச்சு, ஊருக்கு ஒரு கட்டியாக் கிள்ளிப் போட்டு ராமேஸ்வரம் போய்ச் சேர்ந்தேன்.”

“துண்டு நனையலையா?”

“நனைஞ்சுச்சு. பிழிஞ்சேன். அதுல ஊர் திரும்பினேன்.”

பங்க் பின்னாடி போயிருச்சு. அடுத்ததும் வந்துச்சு.

“இங்கயாச்சும் போடுண்ணே.”

“இங்க வண்டியை ஆட்ட விட மாட்டான். போடுறப்ப வண்டியை ரெண்டு பக்கமும் ஆட்டணும். உள்ள இருக்கிற காத்து வெளிய வந்து எடம் விடும். முப்பத்தஞ்சு லிட்டர் டேங்க்ல ஆட்டி ஆட்டி நூறு லிட்டர் இறக்கியிருக்கேன். வெளிய வந்த காத்தை நாலு டயருக்கும் பிடிச்சேன். மிச்சத்தைப் பக்கத்து லாரிக்குக் குடுத்தேன்.”

“டேங்க் வெடிக்கலையா?” இது பவுன்ராசு.

“மாப்பிள்ளை ரொம்பப் பேசக் கூடாது.”

கடைசி பங்க் வந்தப்ப மாயழகு சின்னக்காளை கையையே பிடிச்சிட்டான். “இதுக்கு மேல மண்டபம் வரைக்கும் பங்க் கிடையாதுண்ணே!”

“என்னைப் பார்த்தா இவங்க பங்க்கையே பூட்டிருவாங்க தம்பி. கடைசிச் சொட்டு வரைக்கும் குழாயைத் தூக்கி உதறி வாங்குறது என் பழக்கம். போன வருசம் இங்க உதறினேன். குழாயில இருந்தது வந்துச்சு. தரைக்கடியில தொட்டியில இருந்தது வந்துச்சு. அப்பவும் உதறினேன். லோடு இறக்க வந்துக்கிட்டிருந்த டேங்கர் லாரி, ரெண்டு மைலுக்கு அந்தாண்டையே காலியாகி நின்னுபோச்சு.”

சொல்லி வாயை மூடலை, வேன் இருமுச்சு. குலுங்கி நின்னுபோச்சு.

மண்டபத்து நாதஸ்வரம் காதுல விழுது. நடந்தே போயிரலாம். ஆனா மாலை போட்ட மாப்பிள்ளையை ரோட்டுல நடத்திக் கூட்டிப்போற வழக்கம் எங்க பக்கம் கிடையாது. பட்டு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு இறங்கித் தள்ளினோம். மாப்பிள்ளை உள்ள. சின்னக்காளையும் உள்ள, ஸ்டீரிங் பிடிக்க ஆள் வேணுமில்ல? ஐயர் மூணாந்தடவை “மாப்பிள்ளை எங்கே”ன்னு கேக்கிறப்ப வாசல்ல கொண்டுபோய் நிறுத்திட்டோம்.

தாலி கட்டி முடிஞ்சுது. பந்தியில சின்னக்காளை பொண்ணு வீட்டுக்காரங்ககிட்ட ஆரம்பிச்சான்:

“இன்னைக்கு ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லாம, இன்ஜின் சத்தமே இல்லாம மாப்பிள்ளையைக் கொண்டுவந்து இறக்கினேன்.”

“புளுகாதய்யா”ன்னு பந்தியே சிரிச்சுது.

சின்னக்காளைக்கு முகம் சுண்டிப்போச்சு. “மாயழகு, நீயே சொல்லுப்பா.”

மாயழகு வேட்டியில ஒட்டின புழுதியைத் தட்டிவிட்டுட்டு, ரசத்தைக் கையில வாங்கிக்கிட்டே சொன்னான்:

“சத்தியமான பேச்சுங்க. நான் வண்டிக்குப் பின்னாடியேதான் வந்தேன்.”