நாற்பது செம்பு விசுவாசம்

வெகுகாலத்துக்கு முன்னே மாங்கொடி நாட்டை வச்சிரகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டான் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான், பெரும்பாலும் இருமிக்கொண்டிருந்தான்.

அரண்மனை வைத்தியர் பேரம்பலப் பண்டிதர் முத்துப் பஸ்பம், பவளப் பஸ்பம் என்று பாதிக் கஜானாவைப் பொடியாக்கி ஊட்டிப் பார்த்தார். இருமல் கொழுத்ததுதான் மிச்சம். கடைசியில் தோட்டக்காரி மருதாயி, தான் வளர்த்த கருந்துளசியோடு மிளகும் பனங்கற்கண்டும் தட்டிப் போட்டுக் கஷாயம் காய்ச்சிக் கொடுத்தாள். நாலாம் நாள் ராஜா சபையில் ஒரு முழு வாக்கியம் பேசி முடித்தான். சபை ஆனந்தக் கண்ணீர் விட்டது. பண்டிதரும் கண்ணீர் விட்டார். அது வேறு காரணம்.

மகிழ்ந்துபோன ராஜா அந்தத் துளசியைத் தங்க அண்டாவில் நட்டுக் கொலுமண்டபத்தின் நடுவில் வைத்தான். தினமும் தன் கையால் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினான். ராஜா ஊற்றினால் மந்திரி சும்மா இருப்பாரா? சேனாதிபதிதான் சும்மா இருப்பாரா? ஆளுக்கொரு செம்பாக, நாற்பது பேருடைய விசுவாசம் தினமும் அண்டாவில் இறங்கியது. வெளியேற வழியில்லை. தங்கத்தில் எவன் ஓட்டை போடுவான்? பத்தே நாளில் இலையெல்லாம் பழுத்து உதிர்ந்து, வெறும் குச்சி நின்றது.

"இவள் கைராசி கெட்டவள், பிரபு!" என்று குதித்தார் பண்டிதர்.

"காரணம் சொல், மருதாயி. இல்லாவிட்டால் பிள்ளைகுட்டிகளோடு நாட்டை விட்டுப் போய்விடு" என்றான் ராஜா.

"தண்ணி தேங்கி வேர் அழுகிருச்சு, மகாராசா."

"கேட்டீர்களா! தங்கள் திருக்கரத்தால் ஊற்றிய தண்ணீர் கெடுதல் செய்ததாம்! ராஜநிந்தனை!" என்றார் பண்டிதர்.

ராஜாவின் முகம் கறுத்தது. மூன்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மருதாயி எந்த ஊருக்குப் போவாள்? உண்மையை மறுபடி சொன்னால் தலையே போகும். பண்டிதரின் காலைப் பார்த்தாள். நன்றாக உலர்ந்த, பட்டுச் செருப்புப் போட்ட கால்.

"தப்புத்தான் சாமி. மகாராசா கை பட்ட தண்ணி யாரையும் கெடுக்காது. அதைச் சபையே கண்ணால பாக்கட்டும். செடி நின்ன இடத்துல பண்டிதரய்யா நிக்கட்டும், எல்லாரும் வழக்கம்போல ஊத்துங்க. அந்திவரைக்கும் அவருக்கு ஒண்ணும் ஆகலைன்னா நானே போயிடுறேன்."

பண்டிதர் மறுக்க வாயெடுத்தார்.

"ஏன், என் தண்ணீரில் சந்தேகமா?" என்றான் ராஜா. பண்டிதர் பட்டுச் செருப்பைக் கழற்றினார்.

மார்கழி மாதம். தங்க அண்டாவுக்குள் முழங்காலளவு சேற்றில் பண்டிதர் நின்றார். செம்பு செம்பாக விசுவாசம் இறங்கியது. உச்சிப்பொழுதில் முதல் தும்மல் வந்தது.

"என்ன பண்டிதரே?"

"ஆனந்தத் தும்மல், பிரபு!"

பதினேழாவது ஆனந்தத்துக்குப் பிறகு அவருக்குப் பல் கிடுகிடுத்தது.

"முத்துப் பஸ்பம் கொண்டுவரச் சொல்லவா?"

"ஐயோ, வேண்டாம் பிரபு! துளசிக் கஷாயம் கிடைத்தால் போதும்!"

சபை சிரித்தது. ராஜாதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். மருதாயி தன் குடிசைக்கு ஓடி, வெயிலில் வைத்து, பூக்கதிரை அவ்வப்போது கிள்ளிவிட்டு வளர்த்த இன்னொரு துளசியைப் பானையோடு தூக்கி வந்தாள். செடி புதர்போல அடர்ந்திருந்தது.

"இவ்வளவு நல்ல செடி ஏன் ஓட்டைப் பானையில் இருக்கிறது?" என்று கேட்டான் ராஜா.

"அதனாலதான் உசுரோட இருக்குது, மகாராசா."

ராஜாவின் சிரிப்பு நின்றது, காது சிவந்தது. அன்றே மருதாயி மூலிகைத் தோட்டத்துக்குத் தலைவியானாள். பண்டிதருக்கு அவளிடம் அடுப்பு ஊதிக் கஷாயம் காய்ச்சும் பதவி கிடைத்தது. அவள் உத்தரவின்றி யாரும் செடிக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று முரசும் அறைந்தார்கள்.

மறுநாள் காலையில் ராஜா பழக்கதோஷத்தில் செம்பும் கையுமாகத் தோட்டத்துக்கு வந்தான். மருதாயி மண்ணில் விரலை விட்டுப் பார்த்தாள்.

"ஈரம் இருக்கு. இன்னிக்கு வேண்டாம், மகாராசா. போயி நாட்டைக் கவனிங்க."

ராஜா நிறைசெம்போடு திரும்பி நடந்தான். அவனுக்குப் பின்னால் வரிசை கட்டி நின்ற அத்தனை செம்புகளும் திரும்பி நடந்தன.