வேங்கையன் வாலைத் தூக்கினான்

அந்தக் காலத்தில் மாட்டிடம் வழி கேட்டால் மாடு சொல்லும், காக்கை வாசலில் வந்து உட்கார்ந்து ஊர்ச் சேதி பேசிவிட்டுப் போகும். அப்போது நாய்களைப் போல மரியாதை தெரிந்த பிறவி உலகத்திலேயே கிடையாது. சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை. இரண்டு நாய்கள் எதிரெதிரே வந்தால் இரண்டும் முதலில் உட்கார்ந்துவிடும். வாலைச் சுருட்டிப் பின்பக்கத்தோடு ஒட்ட வைத்துக்கொண்டு, மூக்கோடு மூக்கு தொட்டு, "சௌக்கியமுங்களா?" என்று ஒன்று கேட்கும். "சௌக்கியமுங்க" என்று மற்றது சொல்லும். உடம்பு எரிந்துகொண்டிருந்தாலும் அதே பதில்தான். பின்பக்கத்தை அடுத்தவருக்குக் காட்டுவதும் வாலை உயர்த்துவதும் பெரிய மானக்கேடு. அப்படிச் செய்த நாய்க்கு யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள்.

காவிரிக்கரையில் வேலை நின்றுபோன ஒரு செங்கல் சூளை இருந்தது. நாதியற்ற நாய்களுக்கு அதுதான் அடைக்கலம். கண் போனவர்கள், பல் போனவர்கள், குட்டியோடு விரட்டப்பட்டவர்கள் எல்லாரும் அங்கே வந்து சேர்வார்கள். அதைத் தொடங்கியவன் வேங்கையன். ஆட்டுப்பட்டிக்குக் காவல் இருந்து, ஓநாயோடு மல்லுக்கட்டி முன்னங்காலை நொண்டியாக்கிக்கொண்டவன். "இனி உனக்குச் சோறு போட்டு என்ன ஆகப்போவுது?" என்று பட்டிக்காரர் கேட்டபோது, "நீங்க போட வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்தவன். அடேயப்பா, அந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

சூளையின் சொந்தக்காரி அங்காயி. புருஷன் போனபின் தனியாக இருந்தவள். அவள் குடிசைக்கு வேங்கையன் காவல் இருந்தான், அவள் சூளையையும் தினம் ஒரு பானைக் கஞ்சியையும் கொடுத்தாள். வாசலுக்கு வந்த நாயைத் திருப்பி அனுப்புவதில்லை என்று இரண்டு பேரும் பேசி வைத்திருந்தார்கள். அந்தப் பேச்சு ஒருநாளும் தவறவில்லை. சுற்றுவட்டாரத்தில் சூளை நாய் என்று சொல்லிக்கொள்வதே ஒரு கெத்து.

ஒரு கோடையில் செவலை என்றொருத்தி தன் நாலு குட்டிகளோடு வந்தாள். குட்டிகள் வந்த புதிதில் சூளையையே தலைகீழாக்கின. பத்து நாளில் ஆட்டம் அடங்கிவிட்டது. வயிறு பானை மாதிரி உப்பியது, முதுகெலும்பு துருத்தியது. ஒரு காலையில் இரண்டு குட்டிகள் எழுந்திருக்கவே இல்லை. செவலை அழவும் தெம்பில்லாமல், மிஞ்சிய இரண்டையும் நக்கிக்கொண்டே கிடந்தாள்.

அங்காயி வந்து குட்டிகளின் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். எல்லாரையும் கூப்பிட்டாள். நாய்கள் வட்டமாக வந்து மரியாதையாக உட்கார்ந்தன.

"இது வயித்துப்பூச்சி சாமி" என்றாள். "ஒருத்தரு வெளிக்கிருந்த மண்ணுல இருந்து இன்னொருத்தரு வயித்துக்குப் போவும். குட்டிங்களுக்குக் குப்பைமேனிச் சாறு குடுத்தா நிக்கும். ஆனா இங்க யாரு வயித்துல அது குடியிருக்குதோ, அவங்களும் குடிக்கோணும். இல்லாட்டி நாளைக்கு மறுபடியும் ஒட்டிக்கும். இந்த வெயில்ல செடியெல்லாம் கருகிப் போச்சு. அல்லாருக்கும் குடுக்க என்கிட்ட இல்லை. யாருன்னு சொல்லிப்போடுங்க."

நாய்கள் வாலை இன்னும் இறுகச் சுருட்டிக்கொண்டன.

"எனக்குச் சௌக்கியமுங்க" என்றது ஒன்று. "எனக்கும் சௌக்கியமுங்க" என்றது அடுத்தது. வட்டம் முழுக்கச் சௌக்கியம் சுற்றி வந்தது. குட்டிகள் நடுவில் கிடந்து முனகின.

செவலைக்குப் பொறுக்கவில்லை. "என் குட்டிங்க மேல ஒரு புளிச்ச வாடை வருது" என்றாள். "அதே வாடை யாருகிட்ட வருதோ, அங்கதான் பூச்சி இருக்குது. எல்லாரும் எந்திரிச்சுத் திரும்பி நில்லுங்க. நான் மோந்து பாத்துச் சொல்றேன்."

அவ்வளவுதான், சூளையே கிடுகிடுத்துப் போயிற்று. பஞ்சு என்ற கிழட்டு வெள்ளை நாய், பெரிய வீட்டில் வளர்ந்தவர், காதைப் பொத்திக்கொள்ளாத குறைதான். "பொம்பளை பேசற பேச்சா இது! குட்டி போன துக்கத்துல புத்தி பெரண்டு போச்சா?" என்று கத்தினார். கத்தினாரே தவிர, உட்கார்ந்த இடத்தை விட்டு ஓர் அங்குலம் எழும்பவில்லை.

பிறகு எல்லார் கண்ணும் ஒரே பக்கம் திரும்பியது. அங்கே கருவாயன் உட்கார்ந்திருந்தான். கடைசியாக வந்தவன், உடம்பெல்லாம் சொறி. "வேற யாரு? இவன்தான்" என்றார் பஞ்சு. "இவனை வெளியே அனுப்பினா எல்லாம் சரியாப் போயிரும்." ஆமாம் ஆமாம் என்று நாலைந்து குரல் எழுந்தது. பழிபோட ஆள் கிடைத்துவிட்டால் எத்தனை சுலபமாகக் குரல் வருகிறது பாருங்கள்!

கருவாயன் கெஞ்சவில்லை. "எனக்கு இருக்கறது சொறிதானுங்க" என்றான். "என்னால குட்டிக்கு ஆவாதுன்னா நான் போயிக்கறேன்." எழுந்து, வாலை இடுக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தான்.

இப்போது வேங்கையனைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். அவனுக்கு ரொம்ப நாளாகவே பின்பக்கம் அரித்துக்கொண்டிருந்தது. யாரும் பார்க்காதபோது சூளைக்குப் பின்னால் போய் மண்ணில் தேய்த்துக்கொண்டு வருவான். சாதாரண அரிப்பு என்றுதான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அங்காயி பூச்சி என்று சொன்ன அந்தக் கணத்திலேயே அது என்ன அரிப்பு என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. தலைவன் வாயைத் திறந்தால் மானம் கப்பலேறிவிடும். திறக்காவிட்டால் குட்டிகள் பிழைக்காது, அதோ ஒருத்தன் வாசலைத் தாண்டப்போகிறான். ஓநாயின் வாயில் காலைக் கொடுத்தபோதுகூட அவன் இப்படிப் பயந்ததில்லை.

"நில்லு கருவாயா!" என்றான்.

நொண்டிக் காலை இழுத்துக்கொண்டு ஓடிப்போய் வாசலை மறித்து நின்றான். உட்காரவில்லை. எல்லாரும் பார்க்கத் திரும்பினான். அதுவரை எந்த நாயும் செய்யாத காரியத்தைச் செய்தான். வாலை உயரத் தூக்கினான்.

"வா செவலை. மோந்து பாரு."

பஞ்சு கண்ணை மூடிக்கொண்டார். செவலை கிட்டே வந்தாள். மோந்தாள். அவன் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "இருக்குதுங்கண்ணா."

"உரக்கச் சொல்லு. எல்லாருக்கும் கேக்கோணும்."

"வேங்கையண்ணன் வயித்துல பூச்சி இருக்குது!"

யாராவது சிரிப்பார்கள் என்று வேங்கையன் காத்துக்கொண்டு நின்றான். வால் மட்டும் இறங்கவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. கருவாயன் திரும்பி வந்து அவன் பக்கத்தில் நின்று, தானும் வாலைத் தூக்கினான். செவலை மோந்தாள். "இவனுக்கு ஒண்ணுமில்லை. சொறிதான்."

பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். கண் தெரியாத கிழவி ஒருத்தி தடவித் தடவி வந்து திரும்பி நின்றாள். வால் பாதி வெட்டுப்பட்டவன் இருந்த பாதியைத் தூக்கினான். கடைசியில் பஞ்சுவும் எழுந்தார். முகத்தில் ஈயாடவில்லை. "மெதுவாச் சொல்லும்மா" என்றார். அவருக்கும் இருந்தது.

அங்காயி குப்பைமேனி இலையை இடித்துப் பிழிந்தாள். குட்டிகளுக்கு முதலில், அப்புறம் வேங்கையனுக்கு, அப்புறம் பஞ்சுவுக்கு. கசப்பு தாங்காமல் பஞ்சு போட்ட கூச்சலில் ஆற்றங்கரைக் கொக்கெல்லாம் பறந்துவிட்டன. குட்டிகள் விளையாடின மண்ணை மேலாகச் சுரண்டி எடுத்துத் தூரப் போட்டார்கள். ஒரு வாரம் கழித்து, இரண்டு குட்டிகளும் பஞ்சுவின் காதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தன. செவலை அன்றைக்குத்தான் அழுதாள்.

வேங்கையன் கருவாயனைக் கூப்பிட்டான். "இனிமே வாசல்ல நீதான் நிக்கோணும். வர்றவங்களை மோந்து பாரு. நோய் இருந்தா உள்ள கூட்டிட்டு வந்து மருந்து குடு."

"நோய் இருந்தா வெளியே அனுப்பறதில்லீங்களாண்ணா?"

"உள்ள கூட்டிட்டு வர்றதுக்குத்தான்டா மோந்து பாக்கறதே" என்றான் வேங்கையன்.

சேதி காக்கை வாய்வழியாக ஊர் ஊராகப் பரவியது. முதலில் முகம் சுளித்த நாய்கள்கூட, சூளைக் குட்டிகள் கொழுகொழுவென்று திரிவதைப் பார்த்து வழிக்கு வந்தன. நோயை மூடி மறைத்துக்கொண்டு "சௌக்கியம்" என்று சொல்லும் பழக்கம் நம்மிடம்தான் தங்கிவிட்டது, அவற்றிடம் இல்லை. அன்று முதல்தான் இரண்டு நாய்கள் சந்தித்தால் சுற்றிப்போய் ஒன்றையொன்று பின்னால் மோந்து பார்க்கின்றன. மோந்து பார் என்று நின்றுகொடுக்கும் நாய், தலை நிமிர்ந்து, வாலை உயரத் தூக்கிக்கொண்டு நிற்கிறது.