மார்பளவுத் தண்ணீர்

ஒரு ஊரில் ஒரு கண்மாய் இருந்தது. அந்த ஊருக்கு ஒரு கட்டுப்பாடு. கண்மாய்க்குள் ஒரு கல் கிடக்கும். மழை பெய்தால் மடைக்காரன் அதன்மேல் ஏறி நிற்பான். தண்ணீர் அவன் மார்பைத் தொட்டதும் கலுங்குப் பலகையைத் தூக்கி வெள்ளத்தை வெளியே விட வேண்டும். விடாவிட்டால் கரை உடையும், கீழத்தெரு போய்விடும்.

மடைக்காரன் சடையாண்டி குள்ளம். ஊர்த்தலைவன் பொன்னுரங்கத்துக்கு அது பிடிக்கவில்லை. கலுங்குத் தண்ணீர் ஓடுகிற வழியில் அவன் நெல் விளைந்து நின்றது. அறுக்க நாலு நாள் வேண்டும். என்ன செய்தான்? சடையாண்டியை விலக்கிவிட்டு, நெட்டையான ஒச்சனை மடைக்காரன் ஆக்கினான்.

மழை பிடித்தது. முதல் நாள் ஒச்சன் நின்றான், "தொடைக்கு வந்திருக்கு" என்றான். மறுநாள் நின்றான், "இடுப்புக்கு வந்திருக்கு" என்றான். மூன்றாம் நாளும் நின்றான், அப்போது கரை கசிந்தது. சடையாண்டி ஓடிவந்தான்.

"ஒச்சா, நான் நின்னா இந்நேரம் மார்பு முங்கியிருக்கும்டா!"

"எனக்கு இன்னும் ஒரு சாண் இருக்கே மாமா."

"கேட்டியாடா குள்ளா?" என்றான் கரையில் நின்ற தலைவன். "மார்பைத் தொட்டாத்தான் பலகை."

"மார்பு ஆளுக்கு ஆள் உசரம் மாறும் தலைவரே. ஒச்சா, நெஞ்சுல கை வச்சுச் சொல்லு. கரை தாங்குமா?"

ரெண்டும் ஒரே இடம்தானே என்று கேட்காதே. மார்பில் சந்தனம் பூசலாம். நெஞ்சில் பூச முடியுமா? மார்பு அகலம் என்கிறோம், நெஞ்சு பொறுக்கவில்லை என்கிறோம். மாற்றிச் சொல்லிப் பார். வராது. சரி, கேள்.

ஒச்சன் கை வைத்தான். கீழத்தெருவில் அவன் பெண்டாட்டி கைப்பிள்ளையோடு இருந்தாள்.

"தாங்காது மாமா" என்றான்.

தலைவன் மறிக்க மறிக்க இருவரும் பலகையைத் தூக்கினார்கள். வெள்ளம் நெல்லை வாரிக்கொண்டு போனது. கீழத்தெரு பிழைத்தது.

அப்புறம் ஊர் கூடியது. "இனிமே கல்லுமேல நீதான் நிக்கணும்" என்று தலைவனிடம் சொல்லிவிட்டார்கள். அவன் சடையாண்டியைவிடக் குள்ளம். அடுத்த மழையில் தண்ணீர் அவன் மார்பைத் தொட்டு, கண்மூடித் திறப்பதற்குள் கழுத்துக்கு வந்தது.

"திறங்கடா, திறங்கடா!" என்று அவனே கத்தினான்.

திறந்தார்கள். அவ்வளவுதான். படு.