வெயிலில் உட்கார்ந்த குரு

மலையடிவார மடத்தில் சமையல் உமையாளின் பொறுப்பு. குருவைவிட வயதில் மூத்தவள். ஆனாலும் அவரைத் தேடி வந்து சீடராகச் சேர்ந்தவள்.

பெற்றோர் போனபின் தங்கை தெய்வானையை ஆளாக்கியது அவள்தான். வந்த வரன்களையெல்லாம் அதற்காகவே தட்டிக்கழித்தாள். தங்கை தன் விருப்பத்துக்கு ஒருவனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னதும், பட்ட பாட்டையெல்லாம் ஊரைக் கூட்டிச் சொல்லிக்காட்டினாள். தெய்வானை கட்டிய புடவையோடு வெளியேறினாள். அதோடு பேச்சு நின்றது. சொன்னதை நினைத்து உமையாள் உள்ளுக்குள் குமைந்ததுண்டு. இறங்கி வந்ததில்லை.

ஒருநாள் தெய்வானை மடத்து வாசலில் வந்து நின்றாள். குடும்பத்தோடு வடக்கே குடிபோகிறாளாம், இனி இந்தப் பக்கம் வருவது சந்தேகம்தானாம். குருவே அடுக்களைக்கு வந்து சொன்னார்.

"கால்ல விழச் சொல்லுங்க சாமி. அப்புறம் பார்க்கலாம்."

குரு போய்த் திரும்பினார்.

"விழ மாட்டாங்களாம். அக்காவைப் பார்க்காம போகவும் மாட்டாங்களாம்."

"நிக்கட்டும்."

குரு வெளியே போய்த் தெய்வானையின் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தார். சாப்பாட்டு நேரமாயிற்று. கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. அவர் சாப்பிடாமல் மடத்தில் யாரும் இலை முன் உட்காரவில்லை. வெயில் ஏறி அவர் தோள் கன்றிச் சிவந்தது.

உமையாள் பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை. கரண்டியைப் போட்டுவிட்டு வந்தாள். தங்கை பக்கம் திரும்பவே இல்லை.

"இவளுக்காக நீங்க ஏன் சாமி வெயில்ல காயணும்?"

"இவங்களுக்காக இல்லம்மா. உங்களுக்காகத்தான் இவ்வளவு கஷ்டமும். காலத்துக்கும் இதை நீங்க மறக்கக் கூடாது."

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"நானா உங்களைக் கேட்டேன்?"

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அன்றைக்கு ஊர் முன்னால் தெய்வானை அவளைக் கேட்டதும் இதைத்தான்.

உமையாளின் கண் கலங்கியிருந்தது. தலை மட்டும் குனியவில்லை.

"இவளை வளர்த்தது தப்பில்ல சாமி. மறுபடி அப்படி ஒரு நிலைமை வந்தாலும் வளர்ப்பேன். மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன்."

"நானும் கேட்க மாட்டேன்" என்றாள் தெய்வானை.

குரு எழுந்து வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"யாரும் கேட்க வேண்டாம். உங்க தங்கச்சி காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலை."