இன்ஸ்பெக்டர் பிடித்த நூல்

ரிட்டயர்டு இன்ஸ்பெக்டர் தாணுமூர்த்தி வீட்டு அறைக்கு லேமினேட் தரை போட வந்தவன் இசக்கி. கடைசிப் பலகை இரண்டு மூலையிலும் சுவரை ஒட்டி நின்றது; நடுவில் மட்டும் மூன்று விரல் இடைவெளி.

"பலகையைக் கோணலா வச்சிருக்கேடே. இது நானே பக்கத்துல நின்னு கட்டுன சுவரு. இடைவெளி தெரிஞ்சா கைய ஒடிச்சிருவேன்."

முன்பு வந்த பெயின்டரை அவர் அறைந்தது இசக்கிக்குத் தெரியும். சுவர்தான் கோணல் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"தப்பு என் மேலதான் ஐயா. எங்கன்னு தெரியல. நீங்களே நூலைப் பிடிச்சுக் காட்டுங்க."

ஒரு மூலையில் ஆணியடித்து நூலைக் கட்டினான். மறுமூலையில் இன்ஸ்பெக்டர் இழுத்துப் பிடித்தார். நூல் பலகையோடு ஒட்டிக் கிடந்தது, சுவர்தான் உள்வாங்கியிருந்தது.



நூலைக் கீழே விட்டுவிட்டு, "சுவரோட வளைவுக்கே வேற பலகைய வெட்டிப் போடு" என்றார் அவர், மெதுவாக.