இல்லாத இடையும் மூன்று நூலும்

முன்னொரு காலத்தில், ஊர் பேர் தெரியாத ஒரு ராஜ்யத்தில், புரட்டாசி மாதம் ஐந்தாம் தேதி வெள்ளிக்கிழமை காலை, அரண்மனை நந்தவனத்தில் பூப்பறித்துக்கொண்டிருந்த அரசி செண்பகவல்லி மயங்கி விழுந்தாள். முந்தைய நாள் முழுவதும் அவள் உண்டது ஒரு கிண்ணம் நீர்மோரும் இரண்டு நெல்லிக்காயும்.

காரணம் ஒரு பாட்டு. பத்து நாட்களுக்கு முன் ஆஸ்தானப் புலவர் அம்பலவாணக் கவிராயர், அரசரின் பரம்பரையில் எப்போதோ வாழ்ந்த ஒரு பட்டத்தரசியைப் பாதம் முதல் கூந்தல் வரை வருணித்துப் பாடினார். பாதம் தாமரை, தோள் மூங்கில், கண் கயல் என்று பாட்டு போயிற்று. அரசருக்கு இதெல்லாம் கேட்டுக் கேட்டுப் புளித்தவை. கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தார். இடைக்கு வந்ததும் புலவர் குரலை இறக்கி, "இடை என்று ஒன்று அவளுக்கு இல்லவே இல்லை" என்று முடித்தார். அரசர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பக்கத்து ஆசனத்தில் இருந்த அரசியைத் திரும்பிப் பார்த்தார். அவளுக்கு இடை இருந்தது. நன்றாகவே தெரிந்தது.

மறுநாள் முரசு அறைந்தார்கள். "விஜயதசமியன்று பட்டத்து யானையின் மேல் இடையில்லாப் பேரழகே ஊர்வலம் வரும். இது ராஜவாக்கு!"

அதற்குள் அரசி இடையைத் தொலைத்துவிட்டால் சரி. இல்லாவிட்டால் அவள் தாய்வீடு போக வேண்டியதுதான். யானை மேல் உட்காரக் கவிராயர் வேறு ஒருத்தியைத் தயாராக வைத்திருந்தார். அவருடைய தங்கை மகள் பூங்கோதை. மூன்று மாதமாக அருகம்புல் சாறு கொடுத்து அவளை அவர் வளர்த்து வந்தார். வளர்த்தார் என்பதைவிடக் குறைத்தார் என்று சொல்லலாம்.

அரசி சோற்றை நிறுத்தியதும் தோழிகள் நிறுத்தினார்கள். தோழிகளைப் பார்த்துப் பணிப்பெண்கள் நிறுத்தினார்கள். சமையற்கட்டு அம்மியில் பல்லி முட்டையிட்டது. அரண்மனைக் காக்கைகள் கோவிலுக்குக் குடிபோயின.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவன் விகடகவி தாண்டவன். அரசியின் கல்யாணத்தில் பதினெட்டு அண்டா, ஒரு தந்தப் பல்லக்கு இவற்றோடு சீராக வந்தவன் அவன். அரசி திரும்பிப் போனால் அண்டாக்களோடு அவனும் போக வேண்டும். அதைவிட, நந்தவனத்தில் அவள் முகத்தில் தண்ணீர் தெளித்தபோது அவள் கண் திறந்து சொன்னது அவன் காதிலேயே இருந்தது.

"தாண்டவா, ஒரு பணியாரம் கிடைக்குமா? யாரிடமும் சொல்லாதே."

அன்று சபையில் அரசர் அவனை ஒரு விகடம் சொல்லச் சொன்னார்.

"இதற்கு மேல் நான் என்ன சொல்வது மகாராஜா? புலவர்தான் சொல்லிவிட்டாரே" என்றான் தாண்டவன்.

கவிராயர் எழுந்தார். "அரசே, தங்கள் முன்னோரைப் பாடிய பாட்டை இவன் ஏளனம் செய்கிறான். இடையில்லாப் பெண் கிடையாது என்பது இவன் எண்ணம்."

"நான் எங்கே சொன்னேன் கவிராயரே? எனக்கே ஒருத்தியைத் தெரியும்."

சபை திரும்பிப் பார்த்தது. உண்மையில் அவனுக்கு யாரையும் தெரியாது. அரசியின் முகம் நினைவில் இருந்தது, வாய் முந்திக்கொண்டது.

"அப்படியானால் அவளை நவமியன்று இச்சபைக்குக் கொண்டு வருக" என்றார் அரசர். "தவறினால் மறுநாளே அரசியோடு நீயும் புறப்படு."

"உத்தரவு மகாராஜா. ஆனால் இருக்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது யார்?"

"ஒட்டியாணத்துக்கு அளவெடுக்கும் சொர்ணப்ப ஆசாரி" என்றார் கவிராயர் வேகமாக. பூங்கோதைக்கு ஒட்டியாணமே நிற்பதில்லை என்பது அவருக்குத் தெரியும். அரசரும் சம்மதித்தார்.

தாண்டவன் நேராக ஆசாரியின் பட்டறைக்குப் போனான்.

"இடையை எப்படி ஆசாரியாரே கண்டுபிடிக்கிறீர்?"

ஆசாரி ஊதுகுழலைக் கீழே வைத்தார். "அது சுலபங்க. திரைக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரி நூல் பிடிப்பா. விலாவுல ஒரு நூல், இடுப்பெலும்புல ஒரு நூல், நடுவுல ஒரு நூல். மூணையும் என்கிட்ட நீட்டுவா. நான் இந்த ஆணியில வரிசையா தொங்க விடுவேன். நடு நூல் குட்டையா இருந்தா அதுதான் இடை. அங்கதான் ஒட்டியாணம் உக்காரும்."

"குட்டையாக இல்லாவிட்டால்?"

"இடை இல்லைன்னு நூலைத் திருப்பிக் கொடுத்துருவேன். நாப்பது வருசத்துல ஒரே ஒரு தடவை அப்படி ஆச்சு. கருப்பட்டி காய்ச்சுற பேராச்சிக்கு."

தாண்டவன் ஆசாரியைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். ஊதுகுழல் நசுங்கியது.

நவமியன்று சபை கூடியது. நடுவில் திரை. முன்னால் ஆசாரி, அவர் கையருகே ஒரு ஆணி அடித்த பலகை. முதலில் பூங்கோதை. இரண்டு தோழிகள் தாங்கித்தான் அவள் திரைக்குப் பின்னால் போனாள். மூன்று நூல்கள் வந்தன. ஆசாரி தொங்கவிட்டார். நடு நூல் ஒரு சாண் குட்டையாக இருந்தது.

"இடை இருக்குதுங்க மகாராஜா. இவ்வளவு தெளிவா நான் பார்த்ததே இல்லை."

"மெல்லிடை ஐயா! மெல்லியது!" என்று கத்தினார் கவிராயர்.

"மெல்லிசா இருக்குங்க. ஆனா இருக்கு" என்றார் ஆசாரி.

அடுத்து பேராச்சி வந்தாள். நெருப்பின் முன் நின்று சிவந்த கன்னம், கருப்பட்டிப் பாகு கிண்டித் திரண்ட தோள், வாசலை நிறைத்த நடை. பாதிச் சபை தன்னை அறியாமல் எழுந்து நின்றது. பின்னால் அவள் கணவன் சின்னத்தேவன், திருவிழாத் தேர் பார்ப்பவன்போல அவளையே பார்த்துக்கொண்டு வந்தான்.

அவளுடைய மூன்று நூல்களும் ஆணியில் ஒரே நீளமாகத் தொங்கின. அமைச்சர் எழுந்து வந்து பார்த்தார். சேனாதிபதி குனிந்து பார்த்தார். பேதம் இல்லை.

"இடை இல்லைங்க" என்றார் ஆசாரி.

சபை எழுத்தர் அதை ஓலையில் எழுதினார்.

அரசர் பேராச்சி பக்கம் திரும்பினார். "அம்மா, நாளை நீ பட்டத்து யானை மேல் வர வேண்டும்."

"யானை மேலயா? நான் எங்க வர, ராசா? அடுப்புல பாகு இருக்கு. இந்தாளு கிண்டுனா அடி புடிக்கும்" என்றாள் பேராச்சி. பிறகு பூங்கோதையைக் கண்டாள். "ஏ புள்ள, ஒனக்கு யாரும் சோறு போடலியா? எங்க ஊருல பொண்ணு பாக்க வந்தா, 'பூசினாப்பல இருக்கா'ம்பாக. அந்த ஒரு வார்த்தையிலயே கல்யாணம் முடிஞ்சிரும். இடைய யாரும் தேட மாட்டாக."

"நானும் தேடலை" என்றான் சின்னத்தேவன்.

அரசர் தாண்டவனைப் பார்த்தார். "ராஜவாக்கு என்ன ஆவது? முரசு அறைந்தாயிற்றே!"

"வாக்கு பொய்க்கக்கூடாது மகாராஜா. இடையில்லாப் பேரழகு ஊர்வலம் வரும் என்றுதான் முரசு சொன்னது. பெண் என்று சொல்லவில்லை. ஆசாரியாரே, நூலைக் கொண்டுவாரும். மகாராஜாவை அளக்க வேண்டும்."

ஆசாரி நூலோடு வந்தார். அரசரைச் சுற்றி மூன்று நூல் பிடித்தார். நடு நூலுக்கு மட்டும் இன்னொரு நூலை முடிச்சுப் போட்டு நீட்ட வேண்டியிருந்தது. மூன்றையும் தொங்கவிட்டார். இரண்டு நூல்கள் பலகையின் பாதியில் நின்றன. நடு நூல் தரையைத் தொட்டது.



"மகாராஜா..." என்றார் ஆசாரி. "தங்களுக்கு இடை இல்லவே இல்லைங்க. பேராச்சியைவிடச் சுத்தமா இல்லை."

அரசர் நூலைப் பார்த்தார். குனிந்து தன்னைப் பார்த்தார். முதலில் மீசை ஆடியது. பிறகு இல்லாத இடை முழுவதும் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சபையும் சிரித்தது. கவிராயர் சற்றுத் தாமதமாகச் சிரித்தார்.

"கவிராயரே, பாட்டில் அந்த வரியை நம் பெயருக்கு மாற்றும்" என்றார் அரசர். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றித் தாண்டவனுக்குப் போட்டார். "வேறு என்ன வேண்டும்? கேள்."

"சமையற்கட்டு அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லுங்கள் மகாராஜா."

மறுநாள் பட்டத்து யானை மேல் அரசரும் அரசியும் ஊர்வலம் வந்தார்கள். திரும்பி வந்ததும் பேராச்சியின் கருப்பட்டியில் பணியாரம் சுட்டார்கள். அரசி பதினொன்று சாப்பிட்டாள். பூங்கோதை பதினான்கு.