மயிரிழை பிசகாத சிலை

இமயமலைப் பள்ளத்தாக்கில் ஒரு ராஜ்யம் இருந்தது. மூன்று நாள் நடந்தால் முடிந்துவிடும். ஆனால் அதன் மகாராஜா மகீபால சிங்கரின் பட்டங்களைச் சொல்லி முடிக்கவே அரை நாள் ஆகும். அவர் விஷ்ணுவின் அவதாரம் என்று ராஜபுரோகிதர் கங்காதர பண்டிதர் தினமும் சபையில் சொல்லுவார். தினமும் கேட்டால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது?

ஒருநாள் மகாராஜாவுக்கு ஓர் ஆசை வந்தது. கோயிலில் ஆளுயர வெண்கல விஷ்ணு வேண்டும். முகம் மட்டும் தன்னுடையதாக இருக்க வேண்டும். சிலை வார்க்கும் குணமுனியைப் பிடித்து வந்தார்கள். அவன் பட்டறையில் காலையில் புத்தர் பிறப்பார், மாலையில் சிவன் பிறப்பார். ஒரே உலை, ஒரே உலோகம். வெளியே வந்த பிறகுதான் பக்தர்களுக்குள் சண்டை.

குணமுனி முதலில் மெழுகில் உருவம் செய்து காட்டினான். பண்டிதர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். தன் வீட்டுக்குச் சும்மா ஒரு லட்சுமி வார்த்துத் தர மறுத்தவன்மேல் அவருக்குப் பழைய கோபம்.

"மகாராஜா, மூக்கு ஒரு நெல்மணி குறைகிறது. அவதாரத்துக்கே அவமானம்!"

மகாராஜா கொதித்தார். "மூன்றாம் நாள் சிலை வர வேண்டும். மயிரிழை பிசகினாலும் உன் இரண்டு கையும் இருக்காது!"

குணமுனி அமைச்சர் சந்திரவீரரிடம் ஓடினான். "ஐயா, கை போனால் வீட்டில் ஏழு வயிறு காயும்."

சந்திரவீரருக்கு உள்ளே எரிந்தது. ஒரு நாளும் வேலை செய்யாதவன், வேலை செய்கிறவன் கையை வெட்டுவதா?

"நீ எப்படி வார்ப்பாய்? ஒன்று விடாமல் சொல்."

"மெழுகு உருவத்தின்மேல் சாணியும் களிமண்ணும் பூசுவேன், ஐயா. காய்ந்ததும் தீயில் வைப்பேன். மெழுகு உருகி ஓடிவிடும். அந்த இடத்தில் வெண்கலத்தை ஊற்றுவேன்."

"போதும். ஒரு வண்டி சாணி கொண்டு வா."

மூன்றாம் நாள் அரண்மனை முற்றத்தில் சாணி, களிமண், கொழுந்துவிட்டு எரியும் தீ. மகாராஜா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். பின்னாலேயே பண்டிதரும் சபையோரும்.

"சிலை எங்கே?"

"இனிமேல்தான், மகாராஜா," என்றார் சந்திரவீரர். " கண்ணால் பார்த்து மெழுகில் செய்தால் மயிரிழை பிசகத்தான் செய்யும். அதனால் மெழுகே வேண்டாம். அசலையே வைத்து வார்த்துவிடலாம். அங்கியைக் கழற்றினீர்கள் என்றால் சாணி பூச ஆரம்பிக்கலாம்."

"பூசிவிட்டு?"

"தீயில் வைப்போம். உள்ளே இருப்பது உருகி ஓடிவிடும். பிறகு வெண்கலம்."

"அடப்பாவி! நான் செத்துப்போவேனே!"

"விஷ்ணுவுக்குச் சாவா? பண்டிதரே, தினமும் சொல்கிறவர் நீர்தானே. அவதாரத்தைத் தீ சுடுமா?"

பண்டிதர் தீயைப் பார்த்தார், மகாராஜாவைப் பார்த்தார். சுடாது என்றால் மகாராஜா தீக்குள். சுடும் என்றால் இத்தனை வருஷமும் அளந்தது பொய்.

மகாராஜா வாளைத் தொட்டார். "சொல்லும், பண்டிதரே! நான் விஷ்ணுவா இல்லையா?"

"விஷ்ணுதான், மகாராஜா," என்றார் பண்டிதர், வேர்த்து வடிய. "ஆனால்... சூடு தாங்காத விஷ்ணு."

சபை வாயைப் பொத்தியது. மகாராஜா முறைத்தார். பிறகு அவரே சிரித்துவிட்டார். சிரிக்காவிட்டால் அங்கியைக் கழற்ற வேண்டுமே! சந்திரவீரருக்கு ஒரு முத்துமாலையைப் போட்டார். குணமுனியைக் கையோடு வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.